பத்து மணி நாற்பது நிமிடம்

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. திருபுவனை பஸ் இன்றும் நிற்காமல் போயிற்று. அடுத்ததில் தொங்கிக்கொண்டு கம்பெனி. எட்டு இருபது. கேட்டில் பெயர் எழுதிக்கொண்டார்கள், இந்த மாதம் மூன்றாவது முறை.

சாயங்காலம் அம்மாவை டாக்டரம்மாவிடம் காட்டியது. ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இதயம் களைத்துவிட்டதாம். அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும், "எவ்ளோ நாள்னு கேக்காதீங்க. ஒரு மாசமும் ஆவலாம், ஆறு மாசமும் ஆவலாம். உப்பக் கொறைங்க."

வெளியே வந்ததும் அம்மா: "இன்னாடி சொல்றா?"

"உப்பு போடக் கூடாதாம்."

"அப்போ சோறு எதுக்கு, மாத்திரையவே தின்னுட்டுப் படுத்துக்கறேன்."

வாங்க: நீர் மாத்திரை, ரப்பர் விரிப்பு, டார்ச் பேட்டரி, லீவ் லெட்டருக்கு வெள்ளைத்தாள்.

மார்ச் 10, செவ்வாய்

அருள் கூப்பிட்டான். பாரீஸ் போய் பத்தொன்பது வருஷம். இன்னும் "அக்கா" என்று ஆரம்பிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் குரல்தான். அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கூடத்தில் வேலை. ஊரார் அம்மாக்களுக்கெல்லாம் சூப் ஊற்றுகிறான்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு, "அக்கா, இந்த வருஷம் இனிமே ஒரு தடவதான் லீவு குடுப்பாங்க. இப்ப வரவா, அப்புறம் வரவா? நீயே சொல்லு."

அப்புறம் என்றால் எப்போது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

நீயே சொல்லு என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. தூக்கி என் தலையில் வைத்துவிட்டுப் போனை வைத்துவிட்டான். கோபம். பாத்திரம் விளக்கும்போது ஒரு டம்ளர் நசுங்கியது.

மார்ச் 12, வியாழன்

தூக்கமில்லை. பஸ்ஸில் போனில் தேடிப் பார்த்தேன். சென்னை விமான நிலையத்திலிருந்து பாரீஸ் விமான நிலையம் எட்டாயிரம் கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. ஒரு இடத்தில் பத்து மணி நேரம் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் பத்தரை, இன்னொன்றில் ஒன்பது ஐம்பது. அதே இரண்டு ஊர், அதே வானம். அவரவர் வாய்க்கு வந்ததைப் போடுகிறார்கள்.

அருளிடம் கேட்டதற்கு, இங்கே வரும்போது ஒன்பது ஐம்பது, திரும்பிப் போகும்போது பத்து நாற்பது என்கிறான். ஏன்? "காத்துக்கா. போவ சொல்ல எதிர்க்காத்து." இங்கிருந்து போவதுதான் கஷ்டம் என்று விமானத்துக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டிலிருந்து வீட்டுக்கு என் கணக்கு:
அவன் வீடு - ஏர்போர்ட்: ஒன்றரை மணி
அங்கே காத்திருப்பு: மூன்று
பறப்பது: ஒன்பது ஐம்பது
பெட்டி, பாஸ்போர்ட், வரிசை: ஒன்று
காரில் நம் ஊர்: மூன்றரை, திண்டிவனத்தில் டீ குடிக்காமல் வந்தால்.
பத்தொன்பது மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், டிக்கெட்டும் லீவும் அந்த நிமிஷமே கிடைத்தால். கிடைப்பதில்லை. இரண்டு நாளாகும்.

நம் சர்ச் பங்கில் விமானத்துக்காகக் காத்திருந்த சாவுகள், நினைவில் இருப்பவை: கொத்தனார் வீட்டுத் தாத்தா ஒன்றரை நாள். தெற்குத் தெரு டீச்சரம்மா இரண்டு நாள். எங்கள் அப்பா இரண்டு நாளும் ஒரு ராத்திரியும். அப்பா போய் ஏழு வருஷம். ஐஸ் பெட்டியில் கிடந்து முகம் கறுத்து, உதடு ஒட்டிப்போய். அருள் வந்து கண்ணாடியின் மேல் கையை வைத்தான். திரும்பிப் போகும்போது என்னிடம், "அது அப்பா மொகமே இல்லக்கா" என்றான். அதற்கப்புறம் அவன் ஊருக்கு வரவில்லை.

மார்ச் 14, சனி

புழுக்கம். மோட்டார் பழுது, தண்ணீர் பக்கத்து வீட்டு ரோஸ்லினிடம் நான்கு குடம்.

அம்மா கட்டிலில் படுத்தபடி ஹாலில் உள்ள கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இரண்டு. இடதுபக்கம் நம்முடையது, வலதுபக்கம் பிரான்சு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், அவர்கள் பாஷையில் சொல்தா; அதனால் ஊரில் எங்கள் வீட்டுக்கு சொல்தா வீடு என்று பெயர். அந்தக் கடிகாரத்தைப் பார்த்து அது பொருத்தம்தான் என்று சிரிப்பார்கள். அருள் பாரீஸ் போன வருஷம் அம்மா மாட்டியது. அதைப் பார்த்துத்தான் அவன் நாளை நடத்துவாள். இப்ப எழுந்திருப்பான், இப்ப ரயிலில் போவான், இப்ப சூப் கொதிக்கும். வருஷத்தில் இரண்டு தடவை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும், அங்கே மணியை மாற்றுவார்கள். அருள் போன் செய்து சொல்வான். அம்மா என்னை ஸ்டூலில் ஏற்றி முள்ளைத் திருப்ப வைப்பாள். இந்த வீட்டில் யாரும் கூட்டிக் கழித்துப் பார்த்ததே இல்லை. நிமிர்ந்து பார்ப்போம், அவ்வளவுதான்.

"பிளேன்ல எம்மா நேரம்டி?" என்று கேட்டாள்.

"பத்து மணி நேரம்மா."

"பத்து மணி நேரந்தானா. அப்போ பக்கந்தான்." கொஞ்சம் கழித்து, "செத்தப்புறம் வந்தா எனக்கா தெரியப் போவுது."

குறையாகச் சொல்லவில்லை. குழம்பில் புளி கம்மி என்பது போலச் சொன்னாள்.

கொல்லைப்பக்கம் போய் அருளுக்குப் போன். "டாக்டர் நாள் குறிச்சுட்டாங்கடா. ஒரு வாரம்னாங்க. கெளம்பு."

பொய். தவக்காலத்தில் வேறு. அவன் அழுததைக் கேட்டேன். கேட்டும் திருத்தவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பூசைக்கு முன் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன், ஃபாதரிடம் பொய்யைச் சொல்லிவிட. எனக்கு முன்னால் நான்கு பேர். சொன்னால் மனஸ்தாபத்தோடு, செய்ததற்கு வருந்தி, சொல்ல வேண்டும். எனக்கு மனஸ்தாபம் இல்லை. வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கிளம்புகிறானாம். டிக்கெட் போட்டாயிற்று. திரும்பிப் போவது 28 இரவு, அதாவது 29 அதிகாலை 1.40.

மார்ச் 20, வெள்ளி

காலை ஐந்தரைக்குக் கார் வந்தது. அருள் இறங்கி ஓடி வந்தான், செருப்பைக்கூட விடாமல். ஹாலில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் வருகிறான் என்று தெரிந்ததிலிருந்து உடம்பு நிமிர்ந்துவிட்டது. நேற்று மூன்று இட்லி.

"வந்துட்டியாடா. மொகத்தக் கழுவு."

அவன் அம்மாவையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

பெட்டியைப் பிரித்தபோது மேலேயே கறுப்புக் கோட்டு, அங்கே அடக்கத்துக்குப் போடுவது. சலவை செய்து பிளாஸ்டிக் உறையோடு. அதை அப்படியே எடுத்து என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மத்தியானம் கொல்லையில் பிடித்துக்கொண்டான்.

"ஒரு வாரம்னு எந்த டாக்டர் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

"பொய் சொல்லி என் லீவ அடிச்சுட்டியேக்கா. நாளைக்கே ஒண்ணுன்னா நா எப்டி வருவேன்? மொகத்த யாரு காட்டுவா?"

"உள்ளதான் உக்காந்துகினு இருக்கு மொகம். போய்ப் பாரு."

கிணற்றடியில் போய் நின்றுகொண்டான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. ரோஸ்லின் சுவர் மேல் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

என்னோடு பேச்சில்லை. அம்மாவோடு வாய் ஓயவில்லை. மணப்பட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்து அவனே குழம்பு வைத்தான். உப்பு கம்மி. அம்மா என் சமையலில் உப்பு கம்மியென்றால் தட்டைத் தள்ளுவாள். இன்று முள் எடுத்து எடுத்து அவன் ஊட்ட, சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

ரோஸ்லினிடம், "எம்புள்ள கையால சாப்ட்டேன்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷம் நான் போட்ட சோறு எந்தக் கையாலாம்? பொறாமைதான். எழுதிவைக்க என்ன வெட்கம்.

மார்ச் 24, செவ்வாய்

கம்பெனிக்குப் போனேன். பேக்கிங்கில் இரண்டு பெண்கள் வரவில்லை, கை ஒடிந்துவிட்டது. திரும்பி வந்தால் வீடு பூட்டி இருக்கிறது. ரோஸ்லின் சொன்னாள், யாரோ நண்பன் காரை வாங்கி அம்மாவை ஏற்றிக்கொண்டு வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போனானாம்.

ஏழு மணிக்கு வந்தார்கள். அம்மாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அம்மா அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல் இல்லாத சிரிப்பு. குளத்தங்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசல. வர்றவங்க போறவங்களப் பாத்தோம்."

மார்ச் 27, வெள்ளி

லேசான தூறல், மண் நனையுமுன் நின்றது.

அருள் அம்மாவுக்கு நகம் வெட்டினான். கை முடித்துக் கால். கால் நகம் கட்டையாக வளைந்து கிடந்தது, வெந்நீரில் ஊறவைத்துப் பொறுமையாக, ஒவ்வொன்றாக. முதியோர் இல்லத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டானாம். நான் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கிளம்பி வாசல் வரை போனவள் நின்று பார்த்தேன். இவன் வந்தது முதல் அம்மா பிரான்சு கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை. நானும்தான்.

ராத்திரி அவனாக என்னிடம் பேசினான். "அக்கா, வெளக்கெண்ணெ எங்க இருக்கு?" அவ்வளவுதான். ஆனால் பேசினான்.

மார்ச் 28, சனி

காலையிலிருந்து பெட்டி கட்டல். மிளகாய்த்தூள், கருவாடு, அவன் பெண்டாட்டிக்குப் புடவை. கறுப்புக் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி அடியில் வைத்தான். ஏழு மணிக்குக் கார். டிக்கெட்டில் உள்ளதை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன்: சென்னை 1.40, பாரீஸ் 8.50.

அம்மா கட்டிலில் இருந்தபடியே அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். "போய்ட்டு வா. பிளேன்ல சாப்டு, தூங்கிடாத." அவன் குனிந்து அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

வாசலில் என் கையைப் பிடித்தான். "இனிமே எங்கிட்ட பொய் மட்டும் சொல்லாதக்கா. எதுன்னாலும் நீதான் சொல்லணும். வாட்ஸாப் குரூப்புல எவனோ போட்டு நா பாக்கக் கூடாது. போன தடவ அப்பாவுக்கு அப்டித்தான் தெரிஞ்சது."

சரி என்றேன். எட்டாயிரம் கி.மீ. போகிறவனுக்கு வேறென்ன கொடுப்பது?

மார்ச் 29, குருத்து ஞாயிறு

காலை 8.40. அழ முடியாது. எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு அம்மாவுக்குக் காபி. இரண்டு வாய் குடித்தாள். "இப்ப எங்க இருப்பான்?" என்று கேட்டாள். "பாதி தூரம் போயிருப்பான்மா" என்றேன். "பாதியா" என்றாள். டம்ளரை வாங்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தலை சரிந்திருந்தது. 6.10. வலியில்லை, சத்தமில்லை. அடுத்த தெரு நர்ஸ் வந்து பார்த்து, உயிர் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

1.40-க்குக் கிளம்பியவன் நாலரை மணி நேரம்தான் பறந்திருப்பான். பாதி இல்லை, பாதிக்குக் குறைவு. அம்மாவிடம் கடைசியாகச் சொன்னதும் சுத்த உண்மை இல்லை.

நானும் ரோஸ்லினும் குளிப்பாட்டி வெள்ளைப் புடவை கட்டினோம். நகமெல்லாம் சீராக இருந்தது. அதைப் பார்த்ததும் கத்திவிட வாயைத் திறந்தேன். ரோஸ்லின் என் வாயைப் பொத்தினாள். நான்தான் அவளிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன்: அவன் இறங்கி, நான் என் வாயால் சொல்லும்வரை இந்த வீட்டில் அழுகை கூடாது. ஒருத்தி அழுதால் தெரு வரும், தெரு வந்தால் போன் வரும், பத்து நிமிஷத்தில் குரூப்பில் படம் ஏறும். அவன் பங்குக் குரூப்பில் இருக்கிறான், ஊர்க் குரூப்பில் இருக்கிறான், பாரீஸ்காரர்கள் குரூப்பில் இருக்கிறான். இறங்கியதும் போனைத் திறப்பான்.

சந்தில் புகுந்து கோயிலுக்கு ஓடினேன். பவனிக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. ஃபாதரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். துக்க மணி அடிக்க வேண்டாம், பூசையில் அறிவிக்க வேண்டாம். கையில் குருத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன மணிக்கும்மா எறங்குறாரு?"

"அந்த ஊருக்கு எட்டு அம்பது ஃபாதர். நமக்கு ஒண்ணு இருவது."

"ஒண்ணரைக்கு மணி அடிக்கச் சொல்றேன். அதுவரைக்கும் என் வாயிலருந்து வராது."

காலை 10.30. எப்படியோ தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா? பூசை முடிந்து ஒவ்வொருவராக வருகிறார்கள், குருத்தைக் கையில் பிடித்தபடி. ரோஸ்லின் வாசலில் நின்று, "ஒண்ணரை வரைக்கும் சத்தம் போடாதீங்க, போன எடுக்காதீங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் ஒருவர் எங்கேயாவது பறந்திருக்கிறார்.

ஐஸ் பெட்டி சொல்லவில்லை. வண்டி தெருவில் நின்றாலே விஷயம் வெளியே போய்விடும். அம்மா கட்டிலிலேயே, ஃபேனுக்குக் கீழே. இருபது முப்பது பேர் தரையில். முணுமுணுவென்று ஜெபமாலை. பெரியம்மா முறை ஒருத்தி வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். செத்த வீட்டில் இவ்வளவு அமைதி நான் கண்டதில்லை.

அவன் இப்போது தூங்கிக்கொண்டிருப்பான். அல்லது தட்டில் கொடுத்ததைத் தின்றுகொண்டு. இந்த நிமிஷம்வரை அவனுக்கு அம்மா இருக்கிறாள். எனக்கு இல்லை. இதை நினைத்தால் அவன் மேல் பொறாமையும் வருகிறது, பாவமும் வருகிறது. இன்னும் கொஞ்சம் மெதுவாகவே பறக்கட்டும்.

11.45. எப்படிச் சொல்வது? யோசித்தவை:
"அருளு, முதல்ல ஒரு பக்கம் உக்காரு."
"அம்மா நல்லபடியா போய்ட்டாங்க."
"நீ வந்துட்டுப் போனதே போதும்னு."
மூன்றாவதை அம்மா சொன்னதே இல்லை. அடித்துவிட்டேன்.

மாலை 6. மீதியை எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டரை தாண்டி ஐந்து நிமிஷம். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரான்சு 8.05. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். அப்போது அம்மாவின் போன் அடித்தது. தலையணைக்குக் கீழே, அம்மாவின் தலைக்குக் கீழே. அவள் தலையை ஒரு கையால் தூக்கித்தான் போனை எடுக்க வேண்டியிருந்தது. திரையில் அருள்.

விமானம் திரும்பிவிட்டதா, ஏதாவது ஆபத்தா என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அக்கா, எறங்கிட்டேன். பெட்டி இன்னும் வரல, பெல்ட்டுகிட்ட நிக்கறேன். அம்மா சாப்ட்டாச்சா?"

"அதுக்குள்ள எப்டிடா?"

"கரெக்ட்டாதான் வந்துச்சு. ஓ, மணி மாத்தினாங்கல்ல ராத்திரி. நா சொல்ல மறந்துட்டேன். முள்ளத் திருப்பலியா நீ?"

"இல்லடா."

"சரி வுடு, அம்மாகிட்ட குடு."

ஒன்று நாற்பதோடு பத்து நாற்பதைக் கூட்டினால் பன்னிரண்டு இருபது. நான்காம் வகுப்புக் கணக்கு. போடத் தோன்றவே இல்லை. எட்டு நாள் யாரும் பார்க்காத கடிகாரத்தை இன்று காலையிலிருந்து நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முப்பது பேரும் என்னையே பார்த்தார்கள். தூங்கறாங்கடா, அப்புறம் பேசு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஒன்றரை வரை தள்ளிவிட்டால் தயாராகிவிடலாம். எழுதி வைத்த ஒரு வாக்கியமும் நினைவில்லை.

"அருளு, அம்மா காலையில போய்ட்டாங்கடா."

அந்தப் பக்கம் பெட்டிகள் விழும் சத்தம். ஏதோ அறிவிப்பு. அவன் மூச்சு.

"எத்தன மணிக்கு?"

"ஆறு பத்து."

"அப்போ நா எங்க இருந்தேன்?"

"மேலதான்டா இருந்த."

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பெரியம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அவ்வளவுதான், வீடு முழுக்க ஒரே நேரத்தில் அழுதது. ஆறு மணி நேரம் அடக்கி வைத்தது. அதைப் போனில் கேட்டுக்கொண்டே அவன் பெல்ட் பக்கத்தில் நின்றிருக்கிறான். யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாளாம், பின்னால் சொன்னான். ஃபாதருக்கு ஆள் அனுப்பினேன். பன்னிரண்டே முக்காலுக்கே மணி அடித்தது.

நாலு மணிக்குத் திரும்பவும் கூப்பிட்டான். ஏர்போர்ட்டை விட்டு இன்னும் போகவில்லை.

"ரெண்டு பிளேன் மாறி வந்தா செவ்வாக்கெழம மத்தியானம் வந்துடலாம்க்கா. வேல போனாலும் போவட்டும். வரவா?"

ஒரு தடவை அவனுக்காக நான் முடிவு செய்தாயிற்று. போதும். ஒரு பக்கம் ரோஸ்லின் வரச் சொல்லு என்று சைகை காட்டுகிறாள், இன்னொரு பக்கம் ஐஸ் பெட்டிக்காரர் எத்தனை நாளைக்கு என்று விரல் காட்டிக் கேட்கிறார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

வெகு நேரம் கழித்து அவனே சொன்னான்: "வேணாம்க்கா. எடுத்துடுங்க. அப்பாவுக்குக் கண்ணாடியத்தான் தொட்டேன். அம்மாவுக்கு நகம் வெட்டி வுட்டுட்டு வந்திருக்கேன்."

"சரிடா."

"வீடியோல எல்லாம் காட்டாத."

"காட்டல."

"நீ பொய் சொன்னத நா மறக்க மாட்டேன்க்கா."

எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று கேட்கவில்லை. அவன் குரலில் கோபம் இல்லை. எனக்கு இப்போதும் மனஸ்தாபம் இல்லை, ஆனால் நெஞ்சு வலிக்கிறது. அவன் போனதால்தான் அம்மா போனாளோ என்று காலையிலிருந்து ஒரு நினைப்பு. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவன் வந்து போயிருக்கவும் மாட்டான், இவள் இன்னும் நாலு மாதம் உப்பில்லாமல் என்னைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பாளோ என்னவோ. யாரிடமும் கேட்க முடியாது.

மார்ச் 30, திங்கள்

வெயில். அடக்கம் நாலு மணிக்கு. செய்ய வேண்டியவை: கல்லறைக்கு ஆள், மெழுகுவர்த்தி இரண்டு பாக்கெட், மோருக்குப் பால், கம்பெனிக்குச் சொல்ல.

காலையிலிருந்து ஒரே கேள்வி. சித்தப்பா முறைக்காரர் ஒருவர் வந்ததும் வராததுமாக, "பாரீஸ் புள்ள எப்ப வருது? அதுக்குள்ள எடுக்கறீங்களா? நாலு பேரு இன்னா நெனைப்பான்?" என்றார். சொல்தா வீட்டுச் சாவு விமானத்துக்குக் காத்திருக்காமல் போவது ஊருக்குப் புதிது. கோபம் வரவில்லை. காபி கொடுத்து உட்காரவைத்தேன்.

கோயிலில் தவக்காலம் என்று சுரூபச் சிலைகளுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தியிருந்தது. பூசை முடிந்து வெளியே கொண்டுவந்து, நிழலில் பெட்டியை இறக்கினார்கள். அம்மா முகம் அப்படியேதான் இருந்தது. காபி குடித்துவிட்டுக் கண்ணை மூடியவள் முகம். எல்லாரும் வரிசையாக வந்து நெற்றியைத் தொட்டார்கள். கடைசியாக நான்.

ஃபாதருக்கு உதவியாக நின்ற உபதேசியார் மூடியை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். வழக்கமாகக் கேட்பதுதான். கூட்டத்தைப் பார்த்துக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் பாக்காதவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா? வெளியூர்லருந்து யாரும் வரணுமா?"

"இல்லீங்க. எல்லாரும் பாத்தாச்சு" என்றேன். "மூடுங்க."